டம்மி போட்டாச்சுங்க, இனி சத்தம் வராது

மேலே இருக்கிற தலைப்பு நான் யோசித்து வைத்தது இல்லை. போன வருஷம் ஏப்ரலில் எங்கள் கடைக்கு வந்த ஒரு மெக்கானிக் அப்பாவிடம் சொன்ன வாக்கியம். அதற்கு அப்பா கொடுத்த கூலி 150 ரூபாய். அதற்கப்புறம் அந்த வாக்கியத்துக்காக நாங்கள் கட்டிய வட்டி 6,810 ரூபாயும், கடையில் வேலை பார்க்கிற அண்ணனின் விரலில் இரண்டு தையலும்.

விஷயம் இதுதான். அப்பா கோயம்புத்தூருக்கு வெளியே டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். பங்சர், காத்து, வாட்டர் சர்வீஸ் எல்லாம் உண்டு. அங்கே ஒரு 2 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் ஏர் கம்ப்ரசர். பெல்ட் டிரைவ். டேங்கில் 8 கிலோ ஏறினால் தானாக நிற்கும், 6 கிலோவுக்கு இறங்கினால் தானாக ஓடும். ஏழெட்டு வருஷமாக ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. யார் தயாரித்தது என்று சொல்லப் போவதில்லை. அவர்கள் மேல் தப்பே இல்லை என்பதுதான் இந்தப் பதிவின் பாதி.

ஏப்ரலில் ஒரு புதுச் சத்தம். மெஷின் நின்ற பிறகு 'புஸ்ஸ்ஸ்' என்று காத்து போய்க்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. காத்து போனால் கரண்ட் போகிறது, கரண்ட் போனால் காசு போகிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அவர் வந்தார், பிரஷர் சுவிட்சிலிருந்து வருகிற சின்ன டியூபைக் கழற்றினார், டியூப் சேருகிற ஓட்டையில் ஒரு போல்ட்டை டெஃப்லான் டேப் சுற்றி முறுக்கினார். "டம்மி போட்டாச்சுங்கண்ணா, இனி சத்தம் வராது." வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. அப்பாவுக்குப் பரம சந்தோஷம்.

மே மாதம் இன்னொரு சத்தம் ஆரம்பித்தது. மெஷின் எடுக்கும்போது 'டமார்' என்று ஒரு அடி, பெல்ட் 'கிரீச்' என்று ஒரு கத்தல், ட்யூப்லைட் ஒரு நொடி மங்கி மறுபடி வரும். சில சமயம் எடுக்கவே எடுக்காமல் 'ம்ம்ம்ம்' என்று நாலு செகண்ட் முனகிவிட்டு அப்புறம் ஒரு உதறு உதறிக் கிளம்பும். பக்கத்து டீக்கடை அண்ணன் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பார்.

இங்கிருந்து வரிசையாக வருகிறது பாருங்கள் வைத்தியம்.

எலக்ட்ரீஷியன் வந்தார். "கெப்பாசிட்டர் வீக்குங்க." மாற்றினார். கூலியோடு 550 ரூபாய். நாலு நாள் சுமாராக இருந்தது, அப்புறம் பழையபடி. "மத்தியானத்துலதான் மோசமா இருக்குங்களா? அப்ப வோல்டேஜ் இல்லீங்க. ஈ.பி.காரன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் பெல்ட்டுதான் கோளாறு என்றார். புது பெல்ட் இரண்டு, கூலி சேர்த்து 710. மறுபடி கத்தக்கூடாது என்று மோட்டாரைப் பின்னால் இழுத்து வீணைக் கம்பி மாதிரி முறுக்கி வைத்தார். போகும்போது பெல்ட் கார்டை மறுபடி மாட்டாமல் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார். இந்தக் கார்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலையில் ஓவர்லோடு ரிலே அடிக்கடி ட்ரிப் ஆக ஆரம்பித்தது. சனிக்கிழமை கூட்டத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டனை அமுக்கிவிட வேண்டும். மூன்றாவது நபர் வந்து ரிலேவைத் தாண்டி இரண்டு ஒயரைச் சேர்த்துவிட்டார். "டைரக்ட் பண்ணிட்டேனுங்க, இனி ட்ரிப் ஆகாது." ஆகவில்லை. ஆகஸ்டில் மோட்டார் வைண்டிங் கருகியது. ரீவைண்டிங் 4,200. பெல்ட்டை அப்படி இழுத்துக் கட்டியதில் மோட்டார் பேரிங் போயிருந்தது, அது 600. பிரஷர் சுவிட்சின் காண்டாக்ட் கரிந்திருந்தது, அது 750. மூன்று நாள் கடையில் காத்து கிடையாது. மாட்டி ஓட்டினால், சொல்லவே வேண்டாம், 'டமார்'.

இப்போது கடைசி ஆள், மெஷின் விற்கிற கடைக்காரர். "பழைய செட்டுங்க. 3 ஹெச்பி எடுத்துக்குங்க, 48 ஆயிரத்துல முடிச்சுத் தர்றேன்." அப்பா கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் விரல் கதை. பெல்ட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று எங்கள் கடை அண்ணன் நின்றிருந்த மெஷினில் வேஸ்ட் துணியை வைத்துத் துடைத்திருக்கிறார். கார்டு சுவரோரம். சுவிட்ச் ஆனில். யாரோ வண்டிக்குக் காத்து பிடிக்க, டேங்க் 6 கிலோவுக்கு இறங்க, மெஷின் 'டமார்' என்று எடுத்தது. துணியை இழுத்துக்கொண்டு போனது, கூடவே நடுவிரல் நகத்தையும். நல்லவேளை, அவ்வளவோடு போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

"பி.காம். படிக்கிறவனுக்கு மெஷினைப் பத்தி என்னடா தெரியும்?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு மெஷின் தெரியாது. ஆனால் ஒரு செலவு எதற்காக ஆனது என்று கேட்கத் தெரியும். அப்பாவின் நோட்டில் இந்த நாலு மாதத்தில் 'கம்ப்ரசர் ரிப்பேர்' என்று 6,960 ரூபாய் எழுதியிருந்தது. அதில் கோளாறு என்ன என்று கண்டுபிடிக்கக் கொடுத்த காசு எவ்வளவு என்று தேடினேன். ஒரு ரூபாய் கூட இல்லை. வந்த ஒவ்வொருவரும் பதிலோடுதான் வந்தார்கள், கேள்வியோடு யாரும் வரவில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்கு இது தானாகப் புரியும். டயர் காலியாக இருக்கும்போது பம்ப் சுலபமாக இறங்கும். டயர் கெட்டியான பிறகு அதே பம்ப்பை அமுக்க மேலே ஏறித் தொங்க வேண்டும். கம்ப்ரசர் மோட்டாரின் நிலைமையும் அதுதான். டேங்கில் 6 கிலோ இருக்கும்போது அது மறுபடி எடுக்க வேண்டும். எங்கள் மெஷினில் பிஸ்டன் விட்டம் 65 மில்லிமீட்டர். பரப்பு சுமார் 33 சதுர சென்டிமீட்டர். ஆறால் பெருக்கினால் 200 கிலோ பக்கம் வருகிறது. நின்றுகொண்டிருக்கிற மோட்டார் முதல் சுற்றிலேயே இரண்டு மூன்று ஆள் எடையைத் தள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது இது பெரிய விஷயமே இல்லை, ஃப்ளைவீலின் வேகம் தூக்கிக்கொண்டு போய்விடும். நிற்கிற நிலையிலிருந்து எடுப்பதுதான் கொலை.

இது மெஷினை டிசைன் செய்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் இரண்டு சின்ன சாமான் வைத்திருக்கிறார்கள். ஒன்று, பம்ப்பிலிருந்து வரும் குழாய் டேங்கில் சேருகிற இடத்தில் ஒரு என்.ஆர்.வி., அதாவது காத்தை உள்ளே விடும், வெளியே விடாத வால்வு. இரண்டாவது, பிரஷர் சுவிட்சின் அடியில் இருக்கிற அன்லோடர். மெஷின் நிற்கும்போது இது பம்ப்புக்கும் என்.ஆர்.வி.க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காத்தை ஒரு சின்ன டியூப் வழியாக வெளியே விட்டுவிடும். ஒரு 'புஸ்', இரண்டு மூன்று செகண்ட், அவ்வளவுதான். டேங்கில் எவ்வளவு இருந்தாலும் பம்ப்பின் தலையில் சுமை இல்லை. அடுத்த தடவை மோட்டார் காலி பம்ப்பைச் சுற்றுவது போல ஜம்மென்று எடுக்கும்.

ஏப்ரலில் வந்த அந்த நீளமான 'புஸ்ஸ்ஸ்' என்ன? அன்லோடர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. என்.ஆர்.வி. ஒழுகியதால் டேங்க் காத்து பின்னால் வந்து அன்லோடர் வழியாக வெளியே போயிற்று. அதாவது கெட்டுப்போனது ஒன்று, அதைச் சத்தம் போட்டுச் சொன்னது இன்னொன்று. நம் ஆள் சொன்னதன் வாயில் போல்ட்டை வைத்து அடைத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது என்.ஆர்.வி.யும் ஒழுகுகிறது, வெளியே போக வழியும் இல்லை. டேங்கின் மொத்த அழுத்தமும் பம்ப்பின் தலைமேல். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் 200 கிலோ. 'டமார்' அங்கிருந்துதான்.

மற்றதெல்லாம் இதன் பிள்ளை குட்டிகள். எடுக்க முடியாமல் நிற்கிற மோட்டார் வழக்கமான கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஆறு மடங்கு கரண்ட் என்றால் வைண்டிங்கில் சூடு 36 மடங்கு, ஏனென்றால் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும். அதைப் பார்த்துத்தான் ரிலே ட்ரிப் ஆனது. ரிலே நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை 'டைரக்ட்' பண்ணினோம். ஒரு மாதம் தாங்கியதே பெரிய விஷயம்.

இந்த இரண்டு வார்த்தைகள் மேல்தான் எனக்குக் கோபம். டம்மி, டைரக்ட். நம் ஊரில் எந்த மெஷினைத் திறந்தாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். ஃப்ரிட்ஜில் தெர்மோஸ்டாட் போனால் டைரக்ட். பீஸ் கட்டையில் பீஸ் போய்க்கொண்டே இருந்தால் கம்பியை நாலாக மடித்துக் கட்டு. பைக்கில் சைடு ஸ்டாண்ட் சென்சார் மக்கர் செய்தால் ஒயரைச் சேர்த்துவிடு. இதையெல்லாம் சாமர்த்தியம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம், ஏழை நாட்டின் கைவண்ணம் என்று கட்டுரை கூட எழுதுகிறார்கள். இல்லாத சாமானுக்குப் பதிலாக இருக்கிற சாமானை வைத்து ஓட்டுவது சாமர்த்தியம்தான், நானும் கும்பிடுகிறேன். ஆனால் எச்சரிக்கை செய்கிற பாகத்தை மட்டும் தேடிப்பிடித்து வாயை மூடுவது என்ன சாமர்த்தியம்? குக்கர் மூடியில் இருக்கிற சேஃப்டி வால்வு ஒழுகுகிறது என்று யாராவது எம்சீல் வைத்து அடைப்பார்களா? கம்ப்ரசர் டேங்கிலும் அதே மாதிரி ஒரு சேஃப்டி வால்வு இருக்கிறது. அது ஒழுகியிருந்தால் அதற்கும் ஒரு டம்மி போட்டிருப்பார்களோ என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

"மெக்கானிக் மேல பழி போடாத தம்பி, அவனும் பொழைக்கணும்" என்று ஒருவர் சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். சொல்லப் போனால் முதல் குற்றவாளி எங்கள் அப்பாதான். அவர் மெக்கானிக்கிடம் "இது ஏன் ஒழுகுது?" என்று கேட்கவில்லை. "இந்தச் சத்தம் நிக்கணும்" என்றார். நின்றது. கேட்டதைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிப் போனார் அவர். இரண்டாவது, ஒரு ஆள் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, "எல்லாம் நல்லா இருக்கு, இந்த ஒரு வால்வுதான்" என்று சொல்லி 500 ரூபாய் கேட்டால் கொடுப்போமா? "சும்மா பாத்துட்டுப் போனதுக்கு ஐந்நூறா?" என்போம். அதே ஆள் ஒரு சாமானைக் கையில் எடுத்துக் காட்டி, இதை மாற்றினேன் என்றால் ஆயிரம் கூடத் தருவோம். கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்குத்தான் நம்மிடம் காசு இருக்கிறது, மூளைக்கு இல்லை. அப்படியிருக்க அவர் ஏன் யோசிக்க வேண்டும்? சாமானை மாற்றுவதுதான் அவருக்கு லாபம். எங்கள் காஸ்டிங் பேப்பரில் மெட்டீரியல், லேபர், ஓவர்ஹெட் என்று மூன்று பத்தி போடச் சொல்வார்கள். கண்டுபிடிப்பது எந்தப் பத்தியில் வரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. மெஷினுக்கு வருஷா வருஷம் 15 சதவிகிதம் தேய்மானம் எழுதி எழுதி மார்க் வாங்குகிறோம், போல்ட் வைத்து அடைத்ததால் வந்த தேய்மானத்துக்கு ஃபார்முலா இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை, என்.ஆர்.வி. ஏன் ஒழுகியது என்பது. கழற்றிப் பார்த்தால் உள்ளே கரி. சீட்டில் கரி ஒட்டி வால்வு மூடவே இல்லை. கரி எங்கிருந்து வந்தது? கடையில் பைக்குக்கு ஊற்றி மிச்சமிருக்கிற 20டபிள்யூ40 இஞ்சின் ஆயிலைத்தான் அப்பா இரண்டு வருஷமாகக் கம்ப்ரசருக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். இஞ்சின் ஆயிலில் அழுக்கைக் கரைக்கிற சேர்மானங்கள் உண்டு. கம்ப்ரசரின் சூடான வால்வில் அது கரியாகப் படியும். கம்ப்ரசருக்கென்று தனி ஆயில் இருக்கிறது, பெரும்பாலும் விஜி 100 என்று போட்டிருக்கும். வருஷத்துக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்த கதை இது. அப்பா இந்தப் பத்தியைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கண்டுபிடித்தது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட ஒரு பெரிய மெக்கானிக் (இவர் நிஜமாகவே பெரியவர், லேத் பட்டறையில் நாற்பது வருஷம்), ஒரு மணி நேரம். அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

முதலில் மெயினை ஆஃப் செய்து, டேங்கின் அடி காக்கைத் திறந்து காத்தும் துருத் தண்ணீரும் முழுக்கப் போகவிட்டார். காலி டேங்கோடு ஓட்டினார். சத்தமில்லாமல் எடுத்தது! "பாத்தியா கண்ணு, மோட்டாரு, கெப்பாசிட்டரு, பெல்ட்டு மூணும் உத்தமம்" என்றார். நாலு மாதமாக இந்த மூன்றுக்குத்தான் நாங்கள் காசைக் கொட்டிக்கொண்டிருந்தோம். காலையில் முதல் ஸ்டார்ட் மட்டும் நன்றாக இருந்ததன் காரணமும் இதுதான். அப்பா ராத்திரி டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் போவார். மத்தியானம் மோசமாக இருந்தது ஈ.பி.யால் இல்லை, டேங்க் நிறைந்திருந்ததால்.

அப்புறம் 8 கிலோ ஏறி நிற்கிற வரைக்கும் காத்திருந்தார். நிற்கும்போது காதைக் கொடுத்துக் கேட்டார். சின்னதாக ஒரு 'புஸ்' வந்து அடங்கினால் எல்லாம் சரி. 'புஸ்' வரவே இல்லை என்றால் அன்லோடர் அடைப்பு. வந்து நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் என்.ஆர்.வி. எங்களுக்கு வரவே இல்லை. டியூப் போக வேண்டிய இடத்தில் கையை வைத்துத் தடவினார், போல்ட் தட்டுப்பட்டது. ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், இங்கே எழுத முடியாது.

மறுபடி மெயினை ஆஃப் செய்து, டேங்கை முழுக்கக் காலி செய்த பிறகுதான் போல்ட்டையும் வால்வையும் கழற்றினார். அழுத்தம் இருக்கும்போது ஸ்பேனர் வைத்தால் வால்வு தோட்டா மாதிரி வரும், ஜாக்கிரதை. புது என்.ஆர்.வி. 320 ரூபாய், டியூபும் ஃபிட்டிங்கும் 90. மொத்தம் 410. பெல்ட்டைத் தளர்த்தி, நடுவில் கட்டை விரலால் அமுக்கினால் அரை இன்ச் போல இறங்கும்படி வைத்தார். ரிலேயை ஒயரிங்கில் மறுபடி சேர்த்தார். கார்டை மாட்டிய பிறகுதான் சுவிட்சில் கை வைக்க விட்டார். அவர் கூலி கேட்கவில்லை. நான் அப்பாவிடம் சண்டை போட்டு ஆயிரம் ரூபாய் கொடுக்க வைத்தேன்.

காலி டேங்கிலும் சத்தம் வருகிறவர்களுக்கு வேறு பட்டியல். கெப்பாசிட்டர் உப்பியிருக்கிறதா, மோட்டார் நிற்கிற சமயத்தில் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் 'க்ளிக்' என்கிறதா, ஃப்ளைவீல் சாவி தளர்ந்து ஆடுகிறதா (பேரிங் போன மாதிரியே 'டொக் டொக்' என்று கேட்கும், ஏமாந்து பம்ப்பையே பிரித்துவிடுவார்கள்), நாலு காலும் தரையில் சமமாக உட்கார்ந்திருக்கிறதா. த்ரீ ஃபேஸ் பெரிய மெஷினில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் அன்லோடர் இன்னும் முக்கியம். ஸ்டாரில் மோட்டாருக்கு மூன்றில் ஒரு பங்கு முறுக்குத்தான் இருக்கும். தலையில் சுமை இருந்தால் வேகமே பிடிக்காது, டெல்டாவுக்கு மாறுகிற நொடியில் கடையே அதிரும். உடனே 'ஸ்டார்ட்டர் போச்சு' என்று ஒருவர் வருவார். ஜாக்கிரதை.

வோல்டேஜ் சொன்ன எலக்ட்ரீஷியனுக்கும் கொஞ்சம் நியாயம் செய்துவிடுகிறேன். அவர் சொன்னதில் கால்வாசி உண்மை உண்டு, ஆனால் குற்றவாளி ஈ.பி. இல்லை. மீட்டரிலிருந்து மெஷினுக்கு 20 மீட்டர் தூரம், 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர். அந்தக் காப்பர் கிலோமீட்டருக்கு 12 ஓம் பக்கம். போய் வர 40 மீட்டர் என்றால் அரை ஓம். ஸ்டார்ட்டிங்கில் 60 ஆம்பியர் போனால் ஒயரிலேயே 29 வோல்ட் காலி. 230-ல் 201 தான் மோட்டாருக்குப் போய்ச் சேரும். மோட்டாரின் முறுக்கு வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும், அதனால் மிஞ்சுவது 76 சதவிகிதம். 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் நஷ்டம் 11 வோல்ட்தான். கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும், இதற்கு இஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை. ட்யூப்லைட் மங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு ஆதங்கம். 1960-ல் எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் ஆரம்பித்த ஊர் இது. மோட்டாரும் பம்ப்செட்டும் வீதிக்கு வீதி செய்கிற ஊர். இங்கேயே ஒரு கம்ப்ரசரின் அன்லோடர் எதற்கு என்று தமிழில் ஒரு பக்கம் படிக்க எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் மெஷினோடு வந்த புத்தகம் எறும்பு சைஸ் ஆங்கிலத்தில் இருந்தது, பாலிதீன் கவரைக் கூடப் பிரிக்கவில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ரிப்பேர் செய்யும் உரிமைக்காக ஒரு கமிட்டி போட்டது, டிசம்பரில் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, மொபைல் போன்ற எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகச் சாமான், வாகனம் என்று நாலு துறை எடுத்துக்கொண்டார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த வாகனத்துக்குக் காத்து பிடிக்கிற மெஷின் நாலில் எதிலும் இல்லை. சின்னப் பட்டறைக்காரன் வாங்குகிற வெல்டிங் செட், டிரில்லிங் மெஷின், கம்ப்ரசர் எல்லாம் யார் கணக்கிலும் வராத சாமான்கள். நாலு பக்கம் தமிழில் அச்சடித்து மெஷினோடு கொடுத்தால் கம்பெனிக்கு என்ன செலவாகிவிடும்? அன்லோடர் டியூப் பக்கத்தில் 'அடைக்காதே' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் கூடப் போதும், எங்களுக்கு 6,810 மிச்சமாகியிருக்கும்.

3 ஹெச்பி ஆர்டரை அப்பா கேன்சல் செய்துவிட்டார். கடைக்காரர் இன்னும் போன் செய்கிறார். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்று புதிதாக ஒன்றைச் சொல்கிறார், அது போட்டால் சத்தமே வராதாம். கடை அண்ணனின் நகம் பாதி வளர்ந்திருக்கிறது, துடைக்கப் போவதற்கு முன்னால் இப்போது பிளக்கைப் பிடுங்கிப் பாக்கெட் பக்கம் வைத்துக்கொள்கிறார். 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் இன்னும் மாற்றவில்லை. எலக்ட்ரீஷியன் அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லி மூன்று ஞாயிறு போய்விட்டது.